பழைய மரப் படகு, பழைய எஞ்சின் புதுப்பிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவைப் பக்கம் ஒரு பட்டறைக்காரரிடம் பழைய மர ஸ்பீடு போட்டையும் அதன் எஞ்சினையும் புதுப்பிக்கக் கொடுத்தேன். நாலரை லட்சம் ரூபாய் கட்டினேன். கைக்கு வந்தது ஒரு ஓட்டைப் படகும், யாருடையதோ ஒரு எஞ்சினும். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை; விவகாரம் போலீஸ் ஸ்டேஷனிலும் நுகர்வோர் ஆணையத்திலும் நிற்கிறது. பெயரைவிட, அவர் எதை எப்படி மூடி மறைத்தார் என்ற விவரம்தான் உங்களுக்குப் பயன்படும். "ஸ்பீடு போட்டா, நம்மூர்லயா?" என்று சிரிப்பவர்கள் அந்த இடத்தில் பழைய ஜீப், பழைய புல்லட், பம்புசெட் ஆயில் எஞ்சின் என்று போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

படகு என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாங்கியது. மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குக் கிளம்பும்போது சாமான்களை ஏலம் விட, எல்லோரும் மேசை நாற்காலி எடுக்க, இவர் படகை எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு கோபி வந்து சேர்ந்தார். அமிச்சி (அம்மாவின் அம்மா) அவரோடு பல நாள் பேசவில்லையாம். பதினாறு அடி நீளம், கேரளத்து அயினிப் பலகை, மேல்தட்டு மட்டும் தேக்கு. பவானிசாகரில் சில தடவை ஓட்டியதோடு சரி, அப்புறம் தோட்டத்துப் புகையிலைக் குடோனிலேயே கிடந்தது.

எஞ்சின் ஃபோர்டு மாடல் ஏ. கார் எஞ்சினைப் படகுக்கு மாற்றி வைத்தது. 1928 முதல் 1931 வரை ஓடிய மாடல். நாலு சிலிண்டர், 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். நாற்பத்தெட்டு லட்சத்துக்கும் மேல் கார்கள் வந்ததால் இன்றும் அமெரிக்காவில் இதற்குப் புது ஸ்பேர் செய்து விற்கிறார்கள். "பார்ட்ஸ் கிடைக்கலீங்க" என்று யாராவது இழுத்தால் நம்பாதீர்கள். காரில் ரேடியேட்டர் செய்யும் வேலையைப் படகில் ஏரித் தண்ணீரே செய்யும். பம்பு அதை உறிஞ்சி பிளாக்குக்குள் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பு) ஓடவிட்டு வெளியே தள்ளும். இப்படிப் பச்சைத் தண்ணீர் ஓடிய பிளாக்கில் உள்ளே துரு அடைத்திருக்கும், விரிசலும் இருக்கலாம். வெளியே தெரியாது.

பட்டறைக்காரருக்குப் பேச்சு நன்றாக வாய்த்திருக்கிறது. மிச்சிகனில் அல்கோனக் என்ற ஊரில் கிறிஸ் கிராஃப்ட் கம்பெனி படகு செய்த கதை, முதல் உலகப் போர் முடிந்து மிஞ்சிக் கிடந்த லிபர்ட்டி விமான எஞ்சின்களை (12 சிலிண்டர், 27 லிட்டர், 400 குதிரைத்திறன்) படகுப் பந்தயக்காரர் கார்ஃபீல்டு வுட் வாங்கிப் படகில் வைத்த கதை, 1932-ல் அவருடைய மிஸ் அமெரிக்கா டென் என்ற படகு நாலு பேக்கார்டு எஞ்சினோடு மணிக்கு 124.86 மைல் பறந்த கதை என்று எல்லாம் சொன்னார். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன், ஒரு எண்கூடப் பிசகவில்லை. ஆனால் ஸ்குரு எந்த உலோகம், அடிப்பலகையைக் கழற்றி மாட்டுவீர்களா, எஞ்சின் பேரிங்குக்கு ஒயிட் மெட்டல் யார் ஊற்றுவார்கள் என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "அதெல்லாம் பாத்துக்கலாமுங்ணா." சரித்திரம் செல்போன் வைத்திருக்கும் எவருக்கும் கிடைக்கும். ஸ்குருவைப் பற்றிப் பேச வைத்துப் பாருங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வேலை நடந்த காலமெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் வந்துகொண்டே இருந்தது. எல்லாப் படத்திலும் வார்னிஷ் மின்னியது. பலகை கழற்றிய நிலையில் ஒரு படம் இல்லை, ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) திறந்த எஞ்சின் ஒரு படம் இல்லை. நேரில் வருகிறேன் என்றால், "இப்ப வராதீங்கண்ணா, பெயின்ட் ரூம்ல தூசி படிஞ்சிரும்." பில் மட்டும் தவறாமல் வந்தது. அதில் "வெண்கல ஸ்குரு" என்று ஒரு வரி, 38,000 ரூபாய். "ஒயிட் மெட்டல் ஊற்றி லைன் போரிங்" என்று இன்னொரு வரி, 60,000.

படகு வந்து இறங்கியபோது ஊரே வந்து பார்த்தது. அவ்வளவு அழகு. அணைக்குக் கொண்டுபோகும் முன் எங்கள் பண்ணைக்குட்டையில் கிரேன் வைத்து இறக்கினோம். மரப் படகு பல வருஷம் காய்ந்து கிடந்தால் முதலில் தண்ணீர் கசியும். பலகை ஊறி உப்பி இடைவெளி தானே மூடிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும் என்பதால் முதலில் கவலைப்படவில்லை. இங்கே நடந்தது தலைகீழ். முதலில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ஊற ஊறத்தான் வந்தது. மூன்றாம் நாள் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியதாயிற்று. மேலே ஏற்றிப் பார்த்தால் பக்கப் பலகை ஒன்று வங்கை (பலகையைத் தாங்கும் உள்சட்டம்) விட்டு விரல் நுழையும் அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

காரணத்தைச் சொன்னவர் லாரி பாடி கட்டும் ஒரு ஆசாரி, திருச்செங்கோட்டுக்காரர். பலகைக்குப் பலகை இருந்த இடைவெளி முழுக்க லாரிக்குப் போடும் பட்டியை (புட்டி) அடைத்து, காயவைத்து, தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். பட்டி கல் மாதிரி இறுகிவிடும். மரம் ஊறி உப்ப இடம் வேண்டுமே? இடம் கிடைக்காத பலகை ஸ்குருவையே பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. "லாரி பாடிக்கு இது செல்லுமுங்க, அது தண்ணியில நிக்கறதில்லயே" என்றார். அந்த இடத்தில் நெகிழ்ந்து கொடுக்கிற பொருள்தான் போட வேண்டும். அமெரிக்காவில் பாலியூரிதேன் பசை வைக்கிறார்கள், நம் கடலோரத்தில் காலங்காலமாகப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைக்கிறார்கள், அதைக் கலப்பத்து அடிப்பது என்பார்கள்.

அடிப்பாகம் இன்னும் மோசம். பழைய பலகையைத் தொடவே இல்லை. அதன் மேலேயே ஃபைபர் துணியை ரெசின் போட்டு ஒட்டி, செங்காவி நிறம் அடித்துவிட்டார்கள். ஆசாரி ஸ்குரு டிரைவரின் மரப்பிடியால் அடிப்பாகம் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்று வந்த சத்தம் நடுவில் ஓரிடத்தில் பொத் என்று அடங்கியது. அங்கே சின்ன டிரில் போட்டார். துளையிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் இறங்கியது, கூடவே மக்கிய வாடை. மரம் சுருங்கி விரியும், ஃபைபர் அப்படி அசையாது. இரண்டும் விட்டுப்போன இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும். புது ஃபைபர் படகு வேறு சங்கதி. பழைய பலகைக்கு மேல் ஃபைபர் ஒட்டலாம் என்று சொல்கிறவரிடம் படகைக் கொடுக்காதீர்கள்.

ஸ்குருவுக்குப் பெரிய சோதனை எதுவும் வேண்டியதில்லை. வீட்டில் கிடந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோனேன். மஞ்சளாய் மின்னிய தலையில் டப்பென்று ஒட்டியது. வெண்கலத்திலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பு. ஈர மரத்துக்குள் அது துருப்பிடித்தால் சுற்றியிருக்கும் மரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். மாற்றிய ஒன்றிரண்டு மேல்தட்டுப் பலகைகளும் தேக்கு இல்லை, சாயம் ஏற்றிய ரப்பர் மரம். ஆனைமலைத் தேக்கைச் சரிவில் தள்ளிவிட்டு டாப்ஸ்லிப் என்றே ஒரு ஊருக்குப் பெயர் வந்த சீமையில், தேக்கு என்று ரப்பர் மரத்தை விற்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

எஞ்சினை சிங்காநல்லூரில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அந்தக் காலத்து ஆயில் எஞ்சின்களுக்கு ஒயிட் மெட்டல் ஊற்றிய கை. மாடல் ஏ எஞ்சினில் இப்போது வருகிற மாதிரி கழற்றி மாட்டும் பேரிங் கிடையாது. வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்த உலோகத்தை உருக்கி பிளாக்கிலேயே ஊற்றி, லைன் போரிங் (எல்லா பேரிங் துளையையும் ஒரே நேர்கோட்டில் கடைவது) செய்து, ஒன்றரை தவு அளவுக்கு இடைவெளி விடவேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. பெரியவர் ஒரு பேரிங் கேப்பைக் (மூடியை) கழற்றினார். உள்பக்கத்தை நகத்தால் கீறினார், கோடு விழுந்தது. பிறகு அதை ஒரு பில் காகிதத்தின் பின்பக்கத்தில் தேய்த்தார். பென்சிலில் இழுத்த மாதிரி சாம்பல் நிறக் கோடு.

"ஒயிட் மெட்டலுக்கு இப்பிடி எழுத வராதுங்க தம்பி. இது ஈயம். பத்து வெச்சு சுரண்டி உட்ருக்காங்க. வேகம் குடுத்தா அரை மணி நேரம் தாங்காது."

அடுத்து பிளாக். பம்புக்குப் பேர்போன ஊர் என்பதால் கோவையில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் வசதி தெருவுக்குத் தெரு இருக்கிறது. பிளாக்கின் வாய்களைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, இரண்டு கிலோ பிரஷர் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வால்வுக்குப் பக்கத்தில் பச்சை பெயின்ட் குமிழ் விட்டது. குமிழைக் கத்தி முனையால் குத்தினால் உள்ளே எம்சீல், ஓட்டை அடைக்கும் பசை. எம்சீலைப் பெயர்த்தால் நாலு அங்குல விரிசல். வார்ப்பிரும்பு விரிசலைச் சரிசெய்ய முறை இருக்கிறது: துளை போட்டுத் திருகு ஏற்றித் தைப்பார்கள், அல்லது முழு பிளாக்கையும் சூடாக்கி நிக்கல் ராடில் வெல்டு வைத்து மெதுவாக ஆறவிடுவார்கள். சூடாக்காமல் அவசர வெல்டு வைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். இவர் அந்த அவசர வெல்டுகூட வைக்கவில்லை.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அப்புச்சி காலத்துப் பிளாக்கில் விரிசல் கிடையாது என்று பெரியவரின் மகன்தான் முன்பு ஒருமுறை பார்த்துச் சொல்லியிருந்தார். மாடல் ஏ பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே, எஞ்சின் எண் குத்தியிருக்கும். முன்னாலும் பின்னாலும் நட்சத்திரக் குறி, ஏ என்ற எழுத்தில் தொடங்கும். அந்த இடத்துப் பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தோம். எண் இல்லை. கிரைண்டர் ஓட்டிய வளைவுக் கோடுகள் மட்டும் இருந்தன. என் பிளாக்கின் எண் அப்புச்சியின் கணக்கு நோட்டில் இருக்கிறது, கொடுக்கும் முன் நான் எடுத்த படத்திலும் இருக்கிறது.

கேட்டதற்கு முதலில், "ஏனுங்க்ணா, நம்ம மேல நம்பிக்கை இல்லீங்ளா?" படத்தைக் காட்டியதும், "உங்க பிளாக் பொரிஞ்சு போயிருந்துச்சுங்க, அதான் நல்ல பிளாக் போட்டுக் குடுத்தேன்." பழையது எங்கே? "இரும்புக் கடைக்குப் போயிருச்சுங்க." நல்ல பிளாக்கில் எம்சீல் எதற்கு என்று கேட்டேன். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. அப்புறம் தெரிந்தவர் ஒருவரை அனுப்பி, "அம்பதாயிரம் தாரேன், பேசி முடிச்சுக்கலாம்" என்றார்.

முடித்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நான் ஈரோட்டில் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். முதலில் விசாரிக்க 1915 என்ற எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். வழக்கு என்று வந்தபோது கைகொடுத்தது அந்தப் பில்கள்தான். "வெண்கல ஸ்குரு" என்று அவர் கைப்பட எழுதிய வரிக்குப் பக்கத்தில் காந்தம் ஒட்டிய ஸ்குருவை வைத்துப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆகவே ரொக்கம் கொடுத்தாலும் பில் வாங்குங்கள், அதில் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பணத்தையும் மொத்தமாகக் கொடுக்காமல், பலகை கழற்றியபோது ஒரு பங்கு, ஹெட் மூடும் முன் ஒரு பங்கு என்று நேரில் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். பெயின்ட் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. உங்களில் யாரிடமாவது மாடல் ஏ பிளாக் இந்தப் பக்கத்தில் விலைக்கு வந்தால், வாங்கும் முன் இடப்பக்கத்து எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இதே மாதிரிப் பட்டறையில் ஏமாந்தவர்கள் பில் வைத்திருந்தால் அதையும் அனுப்புங்கள், வக்கீல் கேட்கிறார்.