வலைப்பூவில் பதினோரு ஆண்டுகள்: கிடைத்ததும் போனதும்

2014 முதல் கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாக்கரில் எழுதிவருகிறேன். "வலைப்பூவால் ஏதாவது பலன் உண்டா அண்ணாச்சி?" என்று நெல்லைப் பக்கத்து இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் உண்டு என்றே சொல்கிறேன். ஆனால் அவர்கள் மனத்தில் வைத்துக் கேட்கும் பலன் வேறு.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-இல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதும் விளம்பரம் போட்டேன். நூறு டாலர் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். எனக்கு அது சேர நான்கு ஆண்டுகள் ஆயின.

பெயர் கிடைத்த கதை வேறு. தொடங்கிய ஆண்டே, 1992 நவம்பரில் நெல்லையில் தாமிரபரணி பெருகிவந்த வெள்ளத்தைப் பற்றி அத்தை சொன்னதை எழுதிவைத்தேன். சிந்துபூந்துறையில் அவர் வீட்டு நடைச் சுவரில், நாதாங்கிக்கு ஒரு சாண் மேலே, தண்ணீர் நின்ற மட்டத்தில் கரிக்கோடு கிழித்திருந்தார். வெள்ளையடிக்க வருகிறவர்கள் அதைமட்டும் தொடக்கூடாது. குறுக்குத்துறை முருகன் கோவிலை ஆறு மூழ்கடிக்குமுன் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தையும் சேர்த்து எழுதினேன். நாற்பது பேர் படித்திருந்தால் அதிகம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி மறுபடி ஊருக்குள் வந்தது. பழைய வெள்ளத்தைப் பற்றித் தேடியவர்கள் கண்ணில் அந்தப் பதிவு பட்டது. அவர்களில் ஒருவர் பத்திரிகை ஆசிரியர், கட்டுரை கேட்டார். அதைப் படித்த பதிப்பாளர், நூலாக்கலாமா என்றார். இதே கதையை முகநூலிலும் எழுதியிருந்தேன். இருநூறு பேர் விரும்பினார்கள். மூன்றாம் நாள் அது எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் வலைப்பூவை விடாமல் வைத்திருக்கிறேன். தலைப்பில் ஊர்ப்பெயரும் ஆண்டும் கட்டாயம் இருக்கும். தேடுகிறவர் அவற்றைத்தானே தட்டச்சு செய்வார்!

சிறுகதைகளை மட்டும் அங்கே போடாதீர்கள். ஏற்கெனவே வெளிவந்த கதையைப் பல இதழ்கள் ஏற்பதில்லை.

இழப்பும் உண்டு. படங்களை வேறோர் இலவசத் தளத்தில் ஏற்றி இணைத்திருந்தேன். அந்தத் தளத்தை மூடியபோது அறுபது படங்கள் போயின. கரிக்கோட்டின் படமும் அதில் ஒன்று. பிந்தைய வெள்ளத்தில் அந்தச் சுவரே இடிந்துவிட்டது. நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. இப்போது மாதந்தோறும் முதல் ஞாயிறன்று எல்லாப் பதிவுகளையும் இறக்கிப் பென்டிரைவில் வைத்துவிடுகிறேன். நீங்கள் முதல் பதிவிலிருந்தே இதைச் செய்யுங்கள்.

அடுத்த பதிவுக்காக, 1992-இல் உற்சவரைச் சுமந்துபோனவர்களில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.