விசுவமடுவில் ஐந்து வருடம் நின்ற முயல்கூடு

போன கிழமை கூட்டுக் கதவை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் மூன்றாம் தடவையாகச் சரிசெய்து வந்தேன். அன்றிரவே கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் வட்சப்பில் எடுத்தான். "அண்ணை, நீங்கள் கன காலமாய்க் கூடு வைச்சுப் பழகின ஆள்தானே, கண்ணாடித் தொட்டி நல்லதோ, பிவிசி பெட்டி நல்லதோ?" என்று கேட்டான். அவன் வளர்ப்பது 'போல் பைத்தன்' (Ball Python) என்ற ஆபிரிக்கப் பாம்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டு கொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். நான் வளர்ப்பது முயல். பாம்பு வெளியே போகாமல் இருக்க அவன் பெட்டி தேடுகிறான், பாம்பு உள்ளே வராமல் இருக்க நான் கதவு திருத்துகிறேன். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அவனிடம் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முயல்கூடு வாங்க யோசிப்பவர்களுக்கு உதவும்.

கூட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், கோண இரும்புச் சட்டம், துத்தநாகம் பூசிய கம்பிவலை, மேலே தகரம், மூன்றடி உயரக் கால். 2020 தை மாதம் வவுனியாவில் ஒரு கடையில் 17,500 ரூபாய்க்கு எடுத்தேன். அதே கூட்டுக்கு இப்போது 46,000 கேட்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன், பிறகு சொல்ல மனம் வராது. வலை அருமையான வலை. முயலின் மூத்திரம் இரும்பைத் தின்னும், வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்புபோல் படிந்து அடியில் துருவைக் கிளப்பும். ஐந்து வருடத்துக்குப் பிறகும் தரை வலையில் துரு இல்லை. கிழமைக்கு ஒருநாள் வினாகிரி ஊற்றித் தேய்க்கிறேன், அவ்வளவுதான். கால்களும் அப்படித்தான். 2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் கரையேறியபோது பக்கத்து வளவுக் கோழிக்கொட்டிலின் கூரை எங்கள் கிணற்றடியில் வந்து கிடந்தது. இந்தக் கூடு அசையவில்லை. வளவெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர், முயல்கள் மேலே காய்ந்த வைக்கோலில் இருந்தன. புழுக்கை கீழே விழுந்து குவிவதை அள்ளிக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுகிறோம். உரம் கிடைக்காமல் எல்லோரும் அலைந்த 2021இல் எங்கள் வீட்டுத் தோட்டம் அதில்தான் நின்றது. கம்பித் தரையில் நெடுக நின்றால் முயலுக்குப் பின்னங்காலில் புண் வரும். அதற்கு ஒரு மூலையில் பலகைத் துண்டு போட்டால் போதும், கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன்.

தகரக் கூரை பிழை. முயலுக்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம், சூட்டைக் காதால்தான் வெளியே விடும். முப்பது பாகைக்கு மேலே போனால் மூச்சு இளைக்கத் தொடங்கிவிடும். வன்னியில் சித்திரை தொடங்கி ஆவணி வரை பகலில் முப்பதுக்குக் கீழே எங்கே இருக்கிறது? முதல் கோடையில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டுக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், 41 காட்டியது. அன்றைக்கே கூட்டைத் தூக்கி வேம்புக்குக் கீழே வைத்து, தகரத்துக்கு மேல் நாலு விரல் இடைவெளி விட்டுத் தடி போட்டு, இரட்டைக் கிடுகு வேய்ந்தோம். அந்த இடைவெளிதான் முக்கியம், அதற்குள்ளால் காற்று ஓட வேண்டும். கிடுகைத் தகரத்தில் ஒட்ட வேய்ந்தால் பாதிப் பலன்தான். அதற்குப் பிறகு அதே நேரத்தில் 34. அதுவும் கூடத்தான், ஆனால் முயல் தாங்கியது. பகலில் ஐஸ் போத்தல் வைப்போம், அதில் சாய்ந்து படுக்கும். 2022 பங்குனியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் வெட்டியபோது ஐஸுக்கு எங்கே போவது? மகள் சாக்கை நனைத்து நனைத்துக் காற்று வரும் பக்கம் கட்டினாள். ஒன்றும் சாகவில்லை.

சரி, கதவு.

கதவு மூன்றடி அகலம், ஆறு மில்லிமீற்றர் கம்பியில் வளைத்த சட்டம். குறுக்குக் கம்பி இல்லை. பிணைச்சல் என்று பெயருக்கு இரண்டு கம்பி வளையம். கொளுக்கி ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில். பூட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் கதவு நேராய் மூடியிருக்கும். கீழ் மூலையில் கை வைத்து உள்ளே தள்ளினால் நாலு விரல் போகும். ஏனென்றால் கதவு சட்டத்துக்குள் அமர்கிறதே தவிர, அதன் பின்னால் முட்டி நிற்க ஒரு விளிம்பு இல்லை. மேல் மூலையும் அப்படித்தான். வாங்கிய மறுமாதமே கண்டுபிடித்தேன். கடையில் கேட்டதற்கு, "எல்லாக் கூடும் இப்படித்தான் அண்ணை, முயல் என்ன கதவைத் தள்ளிக்கொண்டா போகப்போகுது" என்றார்கள். முயல் போகாது, உண்மைதான். நான் குறட்டால் வளையத்தை இறுக்கினேன். ஒரு மழைக்காலம் இருந்தது, பிறகு தளர்ந்தது. இரண்டாம் தடவை கீழே ஒரு கொளுக்கி ஒட்டுவித்தேன். கதவு நடுவில் வளைந்து, கொளுக்கிக்கும் பிணைச்சலுக்கும் இடையில் பழைய இடைவெளியே திரும்ப வந்தது. தெரிந்தும் அப்படியே விட்டேன்.

2022 மார்கழி. நாலைந்து நாள் விடாத மழை. விடியப்புறம் படபடவென்று ஒரு சத்தம். முயல் பயந்தால் பின்னங்காலால் தரையில் அடிக்கும், அந்தச் சத்தம். மழை என்று நினைத்து நான் எழும்பவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆறு மணிக்கு மகள் புல் போடப் போய் அங்கேயே நின்றுவிட்டாள். கூட்டின் வலது மூலையில் ஒரு வெங்கிணாந்தி, மலைப்பாம்புதான், ஐந்தரை அடி இருக்கும், மடிப்பு மடிப்பாய்ச் சுருண்டு கிடந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் தேங்காய் விழுங்கியதுபோல் புடைத்திருந்தது. சாம்பல் நிறக் குட்டியைக் காணவில்லை. தாய் முயல் ஒளிந்துகொள்ளும் பெட்டிக்குள் சுவரோடு ஒட்டி நின்று, இன்னும் காலை அடித்துக்கொண்டிருந்தது. பாம்பு வந்த வழி கதவின் கீழ் மூலை. வலையில் நாலைந்து செதிலும் சேறும் ஒட்டியிருந்தன. வந்த வழியால் போக வயிறு விடவில்லை.

அயலவர்கள் அடிக்கத்தான் வந்தார்கள். அது விசமில்லாத பாம்பு, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், பசிக்கு வந்தது. விட மாட்டேன் என்று நின்றேன். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தோம், மத்தியானம் இருவர் வந்தார்கள். "ஆட்டாதீங்கோ, பயந்தால் தின்றதைக் கக்கிவிடும், பிறகு பாம்பும் பிழைக்காது, முயலும் இல்லை" என்றார் ஒருவர். மெதுவாய்ச் சாக்குக்குள் இறக்கிக் காட்டுப்பக்கம் கொண்டுபோனார்கள்.

இதைத் தம்பிக்குச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் பாம்புக்கும் தீனி கொடுத்த பின் இரண்டு நாள் தொடுவதில்லை என்றான், அதே காரணம். அவன் பிரச்சினை வேறு. மேலே வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி. குளிர்காலத்தில் வீட்டு ஹீற்றர் காற்றைக் காய வைக்கிறது, ஈரப்பதம் அறுபது சதவீதம் வேண்டிய இடத்தில் முப்பதுக்கு இறங்குகிறது, சட்டை துண்டு துண்டாய் உரிந்து கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 பாகை, மறுபக்கம் 26 போல இருக்க வேண்டுமாம், தேவைக்குத் தக்கபடி பாம்பு நகர்ந்து கொள்ளும். இரண்டு பக்கமும் உடம்பு உரசும் அளவுக்குச் சின்ன ஒளிப்பிடமும் வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு என் முயல் பெட்டிதான் ஞாபகம் வந்தது. சூட்டுக்கும் குளிருக்கும் இடையில் தானே தெரிவுசெய்ய இடம், பயந்தால் ஒடுங்க ஒரு இருட்டு. காய்ந்த குளிர் நாட்டில் வலை மூடி வேண்டாம், பிவிசி எடு என்றேன். நாலடிக்கு இரண்டடி என்றால் வளர்ந்த பாம்புக்கும் போதும், முப்பது வருடம்கூட இருக்கக்கூடிய உயிர்.

முன்பக்கம் திறக்கும் பெட்டியாய்ப் பார் என்றும் சொன்னேன். பருந்து மேலிருந்து வருவதால் மேலே கை வந்தாலே இவற்றுக்கு உயிர் போகும், முயலும் அப்படித்தான். அந்த விதத்தில் என் கூட்டுக் கதவு சரியான பக்கத்தில்தான் இருக்கிறது. செய்த விதம்தான் துரோகம். அவனுக்குப் பிடித்த பெட்டியில் இரண்டு கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்று நகரும் கதவு. நடுவில் கண்ணாடிகள் சேரும் இடத்தில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். அளக்கவில்லை என்றான். அளந்துவிட்டுக் காசைக் கட்டு என்றேன். பாம்பின் தலை போகும் ஓட்டை என்றால் உடம்பும் போகும்.

மூன்றாம் திருத்தத்துக்கு 4,800 ரூபாய். கதவுக்கு மூலைக்கு மூலை தட்டையிரும்பு, சட்டத்தின் உட்புறம் சுற்றிவர முக்கால் அங்குலக் கோண இரும்பு விளிம்பு, மேலும் கீழும் தாழ்ப்பாள், உண்மையான பிணைச்சல். வெல்டிங் செய்த பெடியனுக்கு ஒன்றரை மணித்தியால வேலை. இப்போது நான் கீழ் மூலையில் முழங்காலால் உதைத்தாலும் அசையவில்லை. இதைச் செய்து விற்றால் கடைக்கு என்ன குறைந்துவிடும்?

வலைக்கு, காலுக்கு, புயலில் நின்றதற்கு நூற்றுக்கு எண்பது கொடுக்கலாம். ஆனாலும் இந்தக் கூட்டை வாங்காதீர்கள். 46,000 ரூபாய்க்கு முதிரைச் சட்டமும் அரை அங்குல வலையும் எடுத்து, ஊர்த் தச்சரைப் பிடித்து உங்கள் கண்முன்னே செய்வியுங்கள். கதவு அவர் கையில் இருக்கும்போதே மூலையைத் தள்ளிப் பாருங்கள்.

தாய் முயல் இன்னும் இருக்கிறது. கதவு திருத்தி வந்த அன்று, புது இரும்பு மணத்துக்கு முதலில் கிட்ட வரவில்லை. மகள் அறுகம்புல்லை விளிம்போடு செருகிவிட்டு இருந்தாள். இருட்டிய பிறகு வந்து ஒவ்வொன்றாய் இழுத்துத் தின்றது.