ஐஓஎஸ் 11.2.6: ஓர் எழுத்தைத் தாங்க வந்த அப்டேட்

புது வசதி ஒன்றுகூட இல்லாத அப்டேட் இது. ஆனாலும் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வரிசையில் உடனே போட்டாக வேண்டியிருந்தது எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வோம். 2018 பிப்ரவரி நடுவில் ஒரு தெலுங்கு எழுத்து ஐபோன்களைப் படுத்தி எடுத்தது. எழுத்து திரையில் தெரிய வேண்டிய நொடியில் செயலி மூடிக்கொள்ளும். திறந்தால் மறுபடியும் மூடிக்கொள்ளும். 11.2.6 பிப்ரவரி 19 அன்று வந்தது. அதே நாளில் மேக்குக்கு 10.13.3 துணை அப்டேட்டும், வாட்சுக்கு 4.2.3-உம், ஆப்பிள் டிவிக்கு 11.2.6-உம் வந்தன.

நான்கு கருவிகளுக்கும் ஒரே நாளில் மருந்து வந்ததற்குக் காரணம், நோய் ஒரே இடத்தில் இருந்ததுதான். எழுத்துகளை உருவமாக்கித் திரையில் வரையும் கோர்டெக்ஸ்ட் என்ற அடிப்படை நூலகத்தில் பிழை. வாட்ஸ்அப், ஜிமெயில், ஆப்பிளின் மெசேஜஸ் என்று எதுவானாலும் கடைசியில் இதனிடம்தான் வந்து நிற்க வேண்டும். செயலியை எழுதியவர்கள் மேல் குற்றமே இல்லை.

பிழையின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனெனில் பலரும் இதைத் தவறாகவே புரிந்துகொண்டார்கள். அந்த எழுத்து ஐந்து குறியீடுகளால் ஆனது: ஜ, விராமம் (நம் புள்ளியைப் போல மெய்யாக்கும் குறி), ஞ, கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடைக் குறி, கடைசியில் ஆகாரக் குறி. தெலுங்கில் ஞானம் என்று வழக்கம்போல் எழுதினால் இணைப்புத்தடைக் குறி வராது, அதனால் ஒன்றும் ஆகாது. இரண்டாம் மெய் முதல் மெய்யோடு ஒட்டிக்கொண்டபின், அதற்கும் உயிர்க்குறிக்கும் நடுவே தடைக் குறி புகுந்தால்தான் கோர்டெக்ஸ்ட் தடுமாறும். தெலுங்கின் எல்லா மெய்களும் அப்படிக் கீழே ஒட்டக்கூடியவை. தேவநாகரியில் ரகரம் இரண்டாவதாக வந்தாலும், வங்க எழுத்தில் ரகரமோ யகரமோ வந்தாலும் இதே கதிதான். ஆக, அந்த ஒரு தெலுங்கு எழுத்தை மட்டும் வடிகட்டி நிறுத்தினால் போதும் என்பது தப்புக் கணக்கு. தமிழில் மெய்கள் பெரும்பாலும் புள்ளியோடு தனித்து நிற்பவை. பாதிக்கப்பட்ட எழுத்துமுறைகளில் தமிழ் இல்லை. ஆனால் அந்த எழுத்தை யாராவது அனுப்பிவிட்டால், தமிழில் மட்டுமே எழுதுபவரின் போனும் தப்பாது.

மிக மோசமானது அறிவிப்பு வழியாக வருவது. அறிவிப்பை வரைவது ஸ்பிரிங்போர்டு, அதாவது முகப்புத் திரையே. அது விழுந்தால் ஒரு செயலி மட்டுமல்ல, கையிலிருக்கும் திரை மொத்தமும் ஒருமுறை அணைந்து வரும். சில கருவிகள் அந்தச் சுழலிலிருந்து தாமாக மீளவே இல்லை.

போடும் முறை எளிது: செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட். மின்கலத்தில் பாதிக்குமேல் இருக்கட்டும், இல்லையேல் சார்ஜரில் செருகுங்கள். செய்திச் செயலி ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால், வேறொருவரை அதே உரையாடலுக்குச் சாதாரணச் செய்தி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பட்டியலில் தெரியும் முன்னோட்டம் மாறியதும், உரையாடலைத் திறக்காமல் விரலால் இடப்பக்கம் தள்ளி அழித்துவிடலாம். அப்டேட் போட முடியாத இடைவேளையில் அறிவிப்பு முன்னோட்டத்தை நிறுத்தி வைப்பது நல்லது.

திரையே நிலைக்காத கருவிக்குக் கணினியும் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருளும் (இப்போதைய மேக்குகளில் அதற்குப் பதில் ஃபைண்டர்) வேண்டும். கேபிளைச் செருகிவிட்டு, ஐபோன் 8 அல்லது எக்ஸ் என்றால் ஒலி கூட்டும் பொத்தானைத் தட்டி விடுங்கள், குறைக்கும் பொத்தானைத் தட்டி விடுங்கள், பிறகு பக்கவாட்டுப் பொத்தானை மீட்புத் திரை வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஐபோன் 7-இல் ஒலி குறைக்கும் பொத்தானும் பக்கவாட்டுப் பொத்தானும் சேர்த்து. அதற்கு முந்தையவற்றில் ஹோம் பொத்தானும் பவர் பொத்தானும். ஐட்யூன்ஸ் கேட்கும்போது அப்டேட் என்பதைத் தேருங்கள். ரீஸ்டோர் தொட்டால் படங்கள், செய்திகள் எல்லாம் போய்விடும். பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் மீட்பு நிலையிலிருந்து வெளியேறிவிடும். இறங்கி முடிந்தபின் பொத்தான் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வேகத்துக்கு ஆப்பிளுக்கு முழு மதிப்பெண். செய்தி பரவிய சில நாட்களிலேயே, அடுத்த பெரிய பதிப்பான 11.3 வரட்டும் என்று காத்திராமல் தனி அப்டேட்டாகவே கொடுத்துவிட்டார்கள். வெளியீட்டுக் குறிப்பில்தான் எங்களுக்கு மனக்குறை. இந்தப் பிழையைப் பற்றி, சில எழுத்து வரிசைகளால் செயலிகள் கிராஷ் ஆகும் சிக்கல் சரிசெய்யப்பட்டது என்பதோடு அது நிற்கிறது. பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால் அதே பிழை, பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2018-4124 என்ற எண்ணில், நினைவகத்தின் ஹீப் பகுதியையே கெடுக்கக்கூடியது என்று இருக்கிறது. செயலி மூடிக்கொள்வது எரிச்சல். நினைவகம் கெடுவது ஆபத்து. இரண்டாவதை மறைக்காமல் போன் திரையிலேயே சொல்லியிருந்தால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் அன்றே போட்டிருப்பார்கள்.

பழைய 5எஸ் அல்லது 6 இன்னும் 11.2.5-இல் கிடந்தால், இன்று 11.2.6-ஐத் தேடிப் போகாதீர்கள். ஆப்பிள் அதற்கு ஒப்புதல் தருவதை நிறுத்திவிட்டது. நேராக ஐஓஎஸ் 12 வரிசையின் கடைசிப் பதிப்புக்குப் போய்விடுங்கள். இந்தத் திருத்தம் அதிலேயே இருக்கிறது.