பழைய ஸ்டிக்கி நோட்ஸ்: கோப்பாக எடுப்பதா, கையால் நகலெடுப்பதா?

காரைக்குடியில் அப்பச்சியின் விண்டோஸ் 7 கணினித் திரை முழுக்க ஸ்டிக்கி நோட்ஸ் செயலியின் மஞ்சள் சீட்டுகள். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டுப் புள்ளிக் (குடும்பக்) கணக்கு, கொத்தனார் நம்பர், முறுக்கு மாவு அளவு, எல்லாம் அதில்தான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. புது மடிக்கணினியில் விண்டோஸ் 11. சீட்டுகளை எப்படிக் கொண்டுபோவது?

முதல் வழி, கோப்பை அப்படியே எடுப்பது. பழைய கணினியில் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று உள்ளே போனால் ஸ்டிக்கி நோட்ஸ் கோப்புறை இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். அதிலுள்ள ஸ்டிக்கிநோட்ஸ்.எஸ்என்டி (StickyNotes.snt) கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, த்ரெஷோல்ட்நோட்ஸ்.எஸ்என்டி (ThresholdNotes.snt) என்று ஆங்கிலத்தில் பெயர் மாற்றுங்கள். புதியதில் ஸ்டிக்கி நோட்ஸ் செயலி தன் தரவை வைக்கும் லோக்கல்ஸ்டேட் (LocalState) கோப்புறைக்குள் லெகஸி (Legacy) என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் போட்டுச் செயலியைத் திறந்தால் சீட்டுகள் வந்து நிற்கும். இதற்கு முன் செயலியில் எதுவும் எழுதியிருக்கக் கூடாது. எழுதியிருந்தால் செயலியை ரீசெட் செய்ய வேண்டிவரும், அப்போது புதிய சீட்டுகள் போய்விடும்.

இரண்டாவது, ஒவ்வொன்றாக நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுவது. தமிழ் எழுத்து இருந்தால் எழுத்துக் குறியாக்கத்தில் யுடிஎஃப்-8 (UTF-8) என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள், இல்லையென்றால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.

பத்துச் சீட்டுக்குள் என்றால் கையால் செய்வதே மேல். அப்பச்சியிடம் அறுபதுக்கு மேல், அதனால் கோப்பு வழிதான். எதுவானாலும் மூலக் கோப்பின் நகல் ஒன்றைப் பென்டிரைவிலேயே விட்டுவையுங்கள்.