வாங்கிச் சுடுவதா, அடைத்துச் சுடுவதா?

2020 பிப்ரவரியில் 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா 50 கொண்ட பெட்டியைப் பத்து டாலருக்குள் வாங்கிக்கொண்டிருந்தேன். அதே பெட்டி அந்தக் கோடையில் 35 டாலர். அதுவும் கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றால்தான். டாலஸ் பக்கத்தில் மாதம் இரண்டு யு.எஸ்.பி.எஸ்.ஏ. பிஸ்டல் போட்டி, நடுவில் பயிற்சி என்று மாதத்துக்கு 600 தோட்டா தீர்க்கிற ஆள் நான். 120 டாலரில் முடிந்த பொழுதுபோக்கு 420 டாலரைத் தொட்டதும், விட்டுவிடுவதா அல்லது கராஜில் பிரஸ் (கைப்பிடி இழுத்துத் தோட்டா அடைக்கும் கருவி) ஒன்றை மாட்டி, சுட்டு மிஞ்சும் பித்தளைக் கேஸிலேயே நாமே மறுபடி தோட்டா அடைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டிவந்தது. மாட்டினேன். இத்தனை வருடம் கழித்து, அது சரியான முடிவா என்று கணக்குப் பார்க்கிறேன்.

தட்டுப்பாடு ஏன் வந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கொரோனா பயம், தெருக் கலவரங்கள், தேர்தல் மூன்றும் ஒரே வருடத்தில். துப்பாக்கி வாங்குவோருக்கான பின்னணிச் சோதனைகள் அந்த வருடம் மட்டும் 4 கோடியை நெருங்கின. தோட்டா செய்வதில் பெரிய கையான ரெமிங்டன் ஜூலையில் திவால் மனு போட்டது. வால்மார்ட் அதற்கு முந்தைய வருடம்தான், எல் பாசோ கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, பிஸ்டல் தோட்டா விற்பதையே நிறுத்தியிருந்தது. ஆக வாங்க வந்த கூட்டம் பெருத்தபோது கடைகளும் குறைந்திருந்தன. சுட்டுப் பழகும் ரேஞ்சில் இருந்த பெரியவர்கள் இதைப் பார்த்து அசரவே இல்லை. 2008 தேர்தலுக்குப் பிறகும் இப்படித்தான், 2013-லும் இப்படித்தான், அப்போது வால்மார்ட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான் என்றார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வருகிற வறட்சி என்பது அவர்கள் பேச்சு.

மாற்று வழிகள் வேறும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .22 துப்பாக்கிக்கு மாறலாம், தோட்டா மலிவு. ஆனால் அதன் பற்றவைக்கும் மருந்து கேஸின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை வீட்டில் மறுபடி அடைப்பது நடைமுறையில் ஆகாது. 2013-ல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடைக்காமல் போனதும் அதே .22 தான். மறுசுழற்சித் தோட்டாக்களை விற்கும் சிறு கம்பெனிகள் உண்டு. ஒரு தடவை வாங்கினேன், ஆயிரத்தில் நாலு வெடிக்கவில்லை, அதோடு சரி. வெற்றுத் துப்பாக்கியை வைத்து வீட்டுச் சுவரைக் குறிபார்த்துப் பழகுவது இலவசம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் உதைப்பை அது கற்றுத்தராது.

மீதி இரண்டு: ஃபேக்டரி தோட்டாவை விலை இறங்கியிருக்கும் காலத்தில் ஆயிரம் ஆயிரமாக வாங்கி வைப்பது, அல்லது நாமே அடைப்பது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டா என்றால் முழுசு. அதற்குள் நாலு சாமான்: பித்தளைக் கேஸ், அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து (மருந்து என்றே சொல்வேன்), முனையில் குண்டு. சுட்ட பிறகு கையில் மிஞ்சுவது கேஸ் மட்டும். அதைக் கழுவி, டை என்கிற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் இன்னொரு தோட்டா. எவ்வளவு மருந்து, என்ன நீளம் என்பதெல்லாம் அச்சிட்ட கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். யாரோ சொன்ன அளவை நம்பி அடைக்கிறவர்கள் கை விரல்களை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, காசு. தட்டுப்பாடு தணிந்த பிறகு 9 மி.மீ. ஃபேக்டரி தோட்டா ஆயிரமாக வாங்கினால் ஒன்றுக்கு 22 முதல் 25 சென்ட். நான் அடைப்பதில் பிரைமர் 7 சென்ட், மேல்பூச்சு போட்ட ஈயக் குண்டு 9 சென்ட், மருந்து 3 சென்ட். கேஸ் ரேஞ்சில் குனிந்து பொறுக்கியது. மொத்தம் 19. தோட்டாவுக்கு நாலு சென்ட் லாபம், ஆயிரத்துக்கு 40 டாலர். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா விழுகிற பிரஸ், டை, தராசு, கேஸைச் சுழற்றிக் கழுவும் டம்ளர் என்கிற இயந்திரம் எல்லாம் சேர்த்து எனக்கு 900 டாலர் ஆயிற்று. அதாவது 22,000 தோட்டா அடைத்த பிறகுதான் முதல் எழுகிறது. மாதம் 600 என்றால் மூன்று வருடம். நான் உட்கார்ந்த மணிக்குக் கூலி போடவில்லை. போட்டால் கணக்கு சிரிக்கும்.

ரைஃபிளுக்கு வந்தால் கதையே வேறு. 6.5 கிரீட்மோர் என்கிற ரைஃபிள் ரகத்தில் போட்டித் தரமான ஃபேக்டரி தோட்டா ஒன்று 1 டாலர் 70 சென்ட் பக்கம். ஒரு பவுண்டு மருந்தில் 7000 கிரெயின், 9 மி.மீ.க்கு ஐந்து கிரெயின் போதும், இதற்கு நாற்பது வேண்டும். பவுண்டு 55 டாலர் என்றால் தோட்டாவுக்கு 31 சென்ட். நல்ல குண்டு 45, பிரைமர் 9, பத்து முறை பயன்படுகிற கேஸுக்குத் தேய்மானம் 12. கிட்டத்தட்ட ஒரு டாலருக்குள் முடிகிறது. ஒவ்வொன்றிலும் 70 சென்ட் மிச்சம். அதோடு என் துப்பாக்கிக் குழலுக்குப் பொருந்துகிற மாதிரி அளவை நான் வைத்துக்கொள்ளலாம். தூரச் சுடுதலில் அது சும்மா பெருமைப் பேச்சு இல்லை. இலக்குக் காகிதத்தில் துளைகள் நெருங்கி விழுவது கண்ணால் தெரியும்.

ஆனால் விலை ஏறியபோது நான் பிரஸ் வாங்கியதற்குக் காரணம் இந்த நாலு சென்ட்டோ எழுபது சென்ட்டோ இல்லை. கடை அலமாரி காலியானாலும் எனக்குத் தோட்டா இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசையில் மண் போட்டது பிரைமர்.

கேஸைத் திரும்பப் பயன்படுத்தலாம். குண்டை ஈயம் உருக்கி வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து ஒன்று இல்லையென்றால் கையேட்டில் வேறு பத்து இருக்கிறது. பிரைமரை மட்டும் வீட்டில் செய்யவும் முடியாது, செய்யவும் கூடாது, ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தவும் வழியில்லை. அதை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்வது நாலே பெயர்: சி.சி.ஐ., ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். திவாலான ரெமிங்டனின் தோட்டாத் தொழிலை, ஏற்கெனவே சி.சி.ஐ.யும் ஃபெடரலும் வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் 2020-ல் 8 கோடி டாலர் சொச்சத்துக்கு வாங்கியதும் நாலில் மூன்று ஒரே கூரைக்குள் போயின. 2024 கடைசியில் அந்த மூன்றும் செக்கோஸ்லோவாக் குரூப்பின் கைக்கு மாறின. இந்தக் கம்பெனிகள் எல்லாமே தோட்டாவும் செய்கின்றன என்பதுதான் சங்கதி. தட்டுப்பாடு வந்தால் பிரைமரை முதலில் தங்கள் தோட்டாவுக்குப் போட்டுக்கொள்வார்கள், மிஞ்சினால்தான் நமக்கு. 30 டாலருக்கு விற்ற ஆயிரம் பிரைமர் பெட்டிக்கு 2021-ல் துப்பாக்கிச் சந்தையில் 150 டாலர் கேட்டார் ஒருவர். முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் புது பிரஸ்ஸை மாட்டிவிட்டு எட்டு மாதம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வறட்சி வந்த பிறகு கிணறு தோண்டப் போனவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

அப்படியானால் ஃபேக்டரி தோட்டாவே மேல்தானே என்று கேட்பீர்கள். இல்லை, ஏனென்றால் அதே பிரைமர்தான் விலை இறங்கிய காலத்தில் என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. 5000 தோட்டாவை வாங்கி வைக்க 1100 டாலராவது வேண்டும், எடை 60 கிலோ. 5000 பிரைமருக்கு 350 டாலர், ஒரு ஷூ டப்பாவில் அடங்கும். கூடவே நாலு பவுண்டு மருந்து. குண்டு கனம்தான், மறுக்கவில்லை; ஆனால் நான் பார்த்தவரை அது பிரைமர் அளவுக்குக் காணாமல் போகவில்லை. ஆக குண்டுக் காசைத் தனியாக விட்டால், ஃபேக்டரி தோட்டாவுக்குப் போடும் முதலீட்டில் பாதிக்கும் குறைவான காசில் எட்டு மாத வறட்சியைத் தாங்கும் இருப்பு கையில் இருக்கிறது. இன்னொன்று: 9 மி.மீ. தோட்டா 9 மி.மீ.க்கு மட்டும்தான் ஆகும். சிறு பிஸ்டல் பிரைமரோ 9 மி.மீ., .38 ஸ்பெஷல், .40 மூன்றுக்கும் போகும். எந்தத் துப்பாக்கிக்குப் பஞ்சம் வருகிறதோ அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். விலை ஏறும் காலத்தில் எனக்கு உண்மையாக உதவியது இந்த ஒன்றுதான். இப்போது அலமாரியில் பிரைமர் 3000-க்குக் கீழே இறங்கினால் விலை பார்க்காமல் வாங்குகிறேன். இணையத்தில் வாங்கினால் ஆபத்துச் சரக்குக் கட்டணம் தனியாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பெட்டிக்கும் ஏறத்தாழ அதே கட்டணம், பத்துப் பெட்டிக்கும் அதே. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஆர்டர் போடுகிறோம்.

வைக்கும் இடத்துக்கும் வரம்பு உண்டு. தீ பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 495 விதிப்படி வீட்டில் 10,000 பிரைமருக்கு மேல் கூடாது. மருந்து 20 பவுண்டு வரை, அது வந்த டப்பாவிலேயே. பிரைமரைக் கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைப்பது மகா தப்பு. ஒன்று வெடித்தால் மற்றதும் சேர்ந்து போகும். கம்பெனி அதைத் தட்டில் இடைவெளி விட்டு அடுக்குவது அதனால்தான். டெக்சஸ் கராஜ் ஆகஸ்டில் 43 டிகிரியைத் தாண்டும், அங்கே வைக்க முடியாது. வீட்டுக்குள் கொண்டுவந்தேன். "ஏங்க, அரிசி மூட்டை வைக்கிற இடத்துல மருந்து டப்பாவா?" என்றாள் மனைவி. இப்போது அது படிக்கட்டுக்கு அடியில், பூட்டு போட்ட மர அலமாரியில்.

மருந்திலும் நிம்மதி இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, மருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக் குண்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2024-ல் சில பிரபல மருந்துகள் கடையில் தென்படவே இல்லை. ரைஃபிள்காரர்கள் விரும்பும் வர்கெட், எச்4350 இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டும். பிஸ்டலுக்கு மாற்று எளிதில் கிடைக்கும். ரைஃபிளுக்கு மருந்து மாறினால் பழைய அளவெல்லாம் வீண். முதலிலிருந்து சோதிக்க வேண்டும், அந்தச் சோதனைக்கே நூறு தோட்டா போய்விடும்.

ஃபேக்டரி தோட்டா ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு, அது என் தப்பால் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி அடைப்பில் போன் வந்தது, எழுந்து போனேன், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அடுத்த வாரப் போட்டியில் 'டுமீல்' வர வேண்டிய இடத்தில் 'டப்' என்றது. மருந்தே இல்லாத கேஸ். பிரைமர் மட்டும் தள்ளியதில் குண்டு குழலுக்குள் மாட்டிக்கொண்டது. "நிறுத்து!" என்று ரேஞ்ச் அதிகாரி கத்தியிருக்காவிட்டால் ஸ்லைடை இழுத்துவிட்டு அடுத்ததைச் சுட்டிருப்பேன், குழல் வீங்கியிருக்கும், கையும் போயிருக்கலாம். பித்தளைக் கம்பியால் தட்டி அதை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆனது. அதன் பிறகு பிரஸ்ஸுக்கு மேலே ஒரு விளக்கு, போனுக்கு வேறு அறை. என் பக்கத்து உள்ளரங்க ரேஞ்ச் வீட்டுத் தோட்டாவை உள்ளேயே விடுவதில்லை, அதில் எனக்குக் கோபமும் இல்லை. துப்பாக்கி கம்பெனிகள் பலவும் வீட்டுத் தோட்டாவால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் நானும் ஃபேக்டரி தோட்டாதான் போடுகிறேன்.

பொறுக்கும் கேஸில் ஒரு விசித்திரம். அமெரிக்கக் கேஸில் இருப்பது ஆங்கிலேயரான பாக்ஸர் கண்டுபிடித்த பிரைமர் முறை. நடுவில் ஒரே துளை, பழைய பிரைமரை டையின் ஊசி விட்டுத் தள்ளிவிடலாம். ஐரோப்பாவில் பரவியது அமெரிக்கரான பெர்டனின் முறை. இரண்டு சிறு துளை, ஊசி உடையும். ரஷ்ய, கிழக்கு ஐரோப்பிய மலிவுத் தோட்டாக்களின் கேஸ் பலவும் இந்த ரகம். ஒரு வாளி பொறுக்கி வந்து இரண்டு ஊசி உடைத்த பிறகு, டார்ச் அடித்து அடியைப் பார்த்துப் பொறுக்கக் கற்றுக்கொண்டேன்.

சொந்த உபயோகத்துக்கு அடைக்க மத்திய உரிமம் வேண்டாம். விற்றுத் தொழிலாகச் செய்தால் 06 வகை உரிமம் வேண்டும். எனவே "எனக்கும் ஆயிரம் அடைத்துக் கொடேன், காசு தருகிறேன்" என்கிற நண்பர்களிடம் பிரஸ்ஸைக் காட்டி, வந்து உட்கார் என்கிறேன். யாரும் உட்காரவில்லை.

ஷாட்கன் தோட்டா அடைப்பது, ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பது இரண்டிலும் எனக்குக் கை அனுபவம் இல்லை. வார்ப்பவர்கள் தோட்டாவுக்கு ஆறேழு சென்ட் மிச்சம் என்கிறார்கள், ஆனால் ஈயப் புகையோடு வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது எனக்கு மனம் வரவில்லை. கேஸ் கழுவும் தூசியிலேயே ஈயம் உண்டு என்பதால்தான் தண்ணீரில் கழுவும் டம்ளருக்கு மாறினேன்.

பிரஸ்ஸை விற்க நேர்ந்தால்? நல்ல பிரஸ் எளிதில் தேயாது. அரிசோனா கம்பெனி ஒன்றின் நீல நிறப் பிரஸ்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிட யாரும் தயாராக இல்லை. தட்டுப்பாட்டில் பழையது புது விலைக்கே போனதைப் பார்த்தேன். என் 900 டாலரில் 600-ஆவது எப்போதும் திரும்பும் என்று கணக்கில் எடுத்துக்கொண்டால், அந்த மூன்று வருடம் ஒரு வருடமாகக் குறைகிறது.

இந்த வாரம் ரைஃபிள் கேஸ் 200 டம்ளரில் சுழன்றுகொண்டிருக்கிறது. 9 மி.மீ. ஃபேக்டரி தோட்டா 21 சென்ட்டுக்கு இறங்கியதால் ஆயிரம் ஆர்டர் போட்டேன். பிஸ்டல் டையை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தாயிற்று. பிரைமர் 6400 இருக்கிறது.