மேவன் 3.9: ஜார் கிடைக்காமல் பில்டு நின்றால் எவ்வளவு கைகொடுக்கிறது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஜாவா வேலைக்குச் சேரும் புதியவருக்கு முதல் வாரம் கையில் வருவது பெரும்பாலும் வேறு யாரோ எழுதிய பழைய புராஜெக்ட்தான். திறந்ததுமே இம்போர்ட் வரிகள் எல்லாம் சிவப்பு. உடனே இணையத்தில் ஜார் (ஜாவா லைப்ரரியை அடைத்த கோப்பு) தேடி லிப் ஃபோல்டரில் போடுகிற பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வேண்டிய ஜார்களைத் தானே இறக்கி பில்டு செய்து தரும் கருவியான மேவன் இலவசம், ஜாவா 8 இருந்தாலே 3.9 ஓடும், இந்த வேலையை நம்மைவிட ஒழுங்காகச் செய்யும்.

ஒரே நிபந்தனை, பிழைச் செய்தியை முழுதாகப் படிக்க வேண்டும். 'குட் நாட் ரிசால்வ்' என்றால் ஜார் கணினிக்கே வந்து சேரவில்லை. 'பேக்கேஜ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்றால் பாம் கோப்பில் (புராஜெக்டுக்கு வேண்டிய ஜார்களைப் பட்டியலிடும் கோப்பு) அது இல்லை, அல்லது டெஸ்டுக்கு மட்டுமான டெஸ்ட் ஸ்கோப்பில் போட்டுவிட்டு மெயின் கோடில் கூப்பிடுகிறீர்கள். 'நோ சச் மெத்தட் எரர்' வந்தால் பெரும்பாலும் ஜார் இருக்கிறது, வெர்ஷன்தான் வேறு.

மேவனிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. பினாங்கு அலுவலகத்து நண்பர் உள்நிறுவன லைப்ரரியின் 1.4.0 வெர்ஷனை ரெப்போசிட்டரியில் (ஜார்களை வைக்கும் கிடங்கில்) ஏற்றுவதற்கு முன்பே நீங்கள் இங்கே பில்டு ஓட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கிடைக்கவில்லை' என்று மேவன் குறித்துக்கொள்ளும். அவர் ஏற்றி முடித்து "இப்போ பாருங்க அண்ணே" என்று சொன்ன பிறகும் அதே பிழைதான் வரும். காரணம், இறக்கிய ஜார்களை மேவன் வைக்கும், ஹோம் ஃபோல்டரில் உள்ள .எம்2 ரெப்போசிட்டரியில், அந்த லைப்ரரியின் 1.4.0 ஃபோல்டருக்குள் 'லாஸ்ட்அப்டேட்டட்' என்று முடியும் சிறிய கோப்பு உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்வரை, வழக்கமான அமைப்பில் மறுநாள் வரை மேவன் திரும்பக் கேட்காது. கட்டளையோடு ஹைஃபன் போட்டுப் பெரிய எழுத்து 'யூ' சேர்த்து ஓட்டுங்கள், உடனே கேட்கும். இல்லையென்றால் அந்த 1.4.0 ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். .எம்2 முழுவதையும் அழிக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எல்லா ஜாரும் மறுபடி இறங்க வேண்டும், டேட்டாதான் வீணாகும்.

வெர்ஷன் மோதல்தான் ஆளை அதிகம் அலைக்கழிப்பது. எக்செல் அறிக்கைக்காக 'பிஓஐ-ஓஓஎக்ஸ்எம்எல்' லைப்ரரியின் 5.2.5 சேர்க்கிறீர்கள். அதற்கு 'காமன்ஸ்-ஐஓ' என்ற இன்னொரு லைப்ரரியின் 2.15.0 வேண்டும். உங்கள் பாம் கோப்பிலோ எப்போதோ எழுதிய 2.11.0 இருக்கிறது. மேவன் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்காது. எந்த ஜார் எதைக் கேட்கிறது என்ற சங்கிலியில் புராஜெக்டுக்கு எது அருகில் இருக்கிறதோ அதை எடுக்கும், தூரம் சமமாக இருந்தால் முதலில் எழுதியதை எடுக்கும். ஆகவே பாம் கோப்பில் நேரடியாக எழுதிய 2.11.0 ஜெயிக்கிறது. கம்பைல் சுத்தமாக முடிகிறது. அறிக்கையை உருவாக்கும் நேரத்தில் 'பில்டர்' மெத்தட் இல்லை என்று புரோகிராம் விழுகிறது, ஏனென்றால் அந்த மெத்தட் 2.12.0-இல்தான் வந்தது.

எந்த ஜார் எதை இழுக்கிறது என்று காட்டும் 'எம்விஎன் டிபெண்டன்சி:ட்ரீ' கட்டளையை 'வெர்போஸ்' சேர்த்து ஓட்டினால், 2.15.0 வரியின் பக்கத்திலேயே 2.11.0-உடன் மோதியதால் விடப்பட்டது என்று எழுதியிருக்கும். பாம் கோப்பில் எண்ணை உயர்த்தினால் முடிந்தது. பல மாடியூல் உள்ள புராஜெக்ட் என்றால் தாய் பாம் கோப்பின் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் ஒரே இடத்தில் எழுதுங்கள். மேவனைப் போன்ற இன்னொரு கருவியான கிரேடில் இங்கே நல்ல பெயர் வாங்குகிறது. அது உயர்ந்த வெர்ஷனையே எடுக்கும் என்பதால் இந்தக் குறிப்பிட்ட விபத்து அங்கே நடக்காது.

ஜாவா 8-இல் ஓடியதை 11-க்கோ அதற்கு மேலோ ஏற்றினால் எக்ஸ்எம்எல் கையாளும் 'ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்' பேக்கேஜ் காணாமல் போகும். 2018-இல் வந்த ஜாவா 11 அதை நீக்கிவிட்டது. 'ஜகார்த்தா.எக்ஸ்எம்எல்.பைண்ட்-ஏபிஐ' சேருங்கள், ஆனால் 2.3.3 வெர்ஷனையே சேருங்கள். 3.0 முதல் பேக்கேஜின் பெயரே ஜகார்த்தா என்று மாறிவிட்டது, பழைய இம்போர்ட் எதுவும் பொருந்தாது. ஓடுவதற்கு 2.3 வரிசையின் 'ஜாக்ஸ்பி-ரன்டைம்' ஜாரும் வேண்டும்.

பாம் கோப்பில் 'எச்டிடிபி' முகவரியோடு பழைய ரெப்போசிட்டரி இருந்தால், 3.8.1 முதல் மேவனே அதைத் தடுக்கும். இது நல்ல முடிவு. முகவரியை 'எச்டிடிபிஎஸ்' ஆக்குங்கள், தடையைக் கழற்றாதீர்கள்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளைப் போலப் பெரிய நிறுவன நெட்வொர்க்கில் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' வந்தால் மேவன்மீது குறையில்லை. இணையத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் பிராக்ஸி சர்வரின் சான்றிதழை ஜாவா நம்பவில்லை. ஐடி பிரிவிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஜாவாவோடு வரும் 'கீடூல்' மூலம் ஜேடிகேயின் (ஜாவா உருவாக்கத் தொகுப்பு), நம்பும் சான்றிதழ்கள் இருக்கும் 'சிஏசெர்ட்ஸ்' கோப்பில் சேருங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் கடவுச்சொல் 'சேஞ்ச்இட்'. ஜேடிகே புதிதாகப் போட்டால் இதையும் மறுபடி செய்ய வேண்டும், பலர் மறப்பது இங்கேதான்.

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த் வரை இணையம் இல்லாமல் வேலை பார்க்க நினைப்பவர்கள், ஜார்களை முன்கூட்டியே இறக்கும் 'டிபெண்டன்சி:கோ-ஆஃப்லைன்' ஒன்றை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. டெஸ்ட் ஓடும்போதுதான் அதை ஓட்டும் ஷுர்ஃபயர் பிளகின் தனக்கு வேண்டிய ஜேயூனிட் ஜாரை இறக்கும், அது இந்தக் கட்டளையில் விட்டுப்போகலாம். வீட்டு வைஃபையிலேயே 'எம்விஎன் வெரிஃபை' ஒரு முறை முழுதாக ஓட்டுங்கள். பிறகு சிறிய 'ஓ' சேர்த்து ஆஃப்லைனில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.