பணமா, நேரமா?

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் உதவியாளர்களும் ஒரே வீட்டில் குடும்பம்போல வாழும் சமூகங்கள் புதியவை அல்ல. ஸ்காட்லாந்தில் கேம்ப்ஹில் 1940இல் தொடங்கியது. பிரான்சில் லார்ஷ் 1964இல். இத்தகைய வீடுகளுக்குக் கைகொடுக்க நினைப்பவர் பணம் தரலாம், நேரம் தரலாம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதுக் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகையோடு கொடுக்கப் பலர் முன்வருவார்கள். உதவியாளரின் சம்பளத்துக்கும் ஒழுகும் கூரைக்கும்தான் ஆள் கிடைப்பதில்லை. அதனால் மாதந்தவறாமல் வரும் சிறு தொகையே மேல்.

நேரம் தருவது சிக்கலானது. காலையில் ஒருவர் சட்டைப் பொத்தானோடு பத்து நிமிடம் போராடிக்கொண்டிருப்பார். உதவ வந்தவருக்குக் கை பரபரக்கும், போட்டுவிட்டால் நொடியில் முடியும். போடாமல் பக்கத்தில் நிற்பதுதான் அங்கே வேலை. இதைப் பணத்தால் செய்ய முடியாது. ஆனால் மூன்று வாரம் வந்து, பாசம் காட்டி, சொல்லாமல் நின்றுவிடுபவரால் மனம் உடைவது அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான். (பிறந்தநாளன்று மட்டும் கேக்கும் கேமராவுமாக வருபவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஓராண்டாவது வாரம் ஒரு மாலை உறுதியாக ஒதுக்க முடிந்தால் நேரத்தைக் கொடுங்கள். பின்னணி விசாரணைக்கும் பயிற்சிக்கும் முகம் சுளிக்காதீர்கள். முடியாதென்றால் தயங்காமல் பணம் அனுப்புங்கள்.